பூசணிப்பூவை மட்டும் தேடி வரும் தேனீ

தோட்டம் பற்றிய உங்கள் கேள்விகளும் ரீச்சரின் பதில்களும்

வணக்கம் ரீச்சர். பின்வளவில் பூசணி, பாகல், வெள்ளரி மூன்றையும் பக்கம் பக்கமாக நட்டிருக்கிறேன். விடிய வெள்ளனத் தண்ணீர் விடப் போனால் பூசணிப்பூவுக்குள் ஒரு தேனீ தலைகீழாகக் கிடக்கிறது. பக்கத்தில் பாகல் பூத்துக் கிடந்தும் அது அங்கே போவதே இல்லை. தேனீ என்றால் எல்லாப் பூவுக்கும் போகும்தானே? இதற்கு மட்டும் என்ன?
— வாசகி, மார்க்கம்

பிள்ளை, நீங்கள் பார்த்தது தேன்பெட்டியில் வளர்க்கும் தேனீ இல்லை. அது பூசணித் தேனீ. இங்கே ஸ்குவாஷ் பீ என்பார்கள். பெப்போனாப்பிஸ் புருயினோசா என்ற பெயரில் பழைய புத்தகங்களில் தேடலாம். இது அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய காட்டுத் தேனீ. கனடாவில், நாங்கள் இருக்கும் தென் ஒன்ராறியோவில் பல இடங்களில் இருக்கிறது. ஆனால் பூசணி நட்டவர்களுக்குத்தான் கண்ணில் படும். உங்களிடம் அது வந்திருக்கிறது என்பதைப் படித்ததும் எனக்குப் பெரிய சந்தோஷம்.

சந்தேகம் இருந்தால் காலைப் பாருங்கள். பெட்டித் தேனீ மகரந்தத்தைப் பூந்தேனால் ஈரமாக்கி, பின்னங்காலில் உருண்டையாக ஒட்டிக்கொண்டு போகும். பூசணித் தேனீ அப்படிச் செய்யாது. மகரந்தத்தைக் காய்ந்த தூளாகவே பின்னங்கால் மயிரில் அள்ளிப் போகும், கால் முழுக்க மஞ்சள் பூசியது போலத் தெரியும். உடம்பு பெட்டித் தேனீயைவிடக் கொஞ்சம் உருண்டை, வயிற்றில் வெளிர் நிறப் பட்டைகள். ஆணுக்கு முகத்தில் ஒரு சின்ன மஞ்சள் பொட்டும் நீண்ட உணர்கொம்பும் இருக்கும். பறப்பும் வேறு. நேரே பாய்ந்து வந்து பூவுக்குள் இறங்கிவிடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தேனீ பூவில் இரண்டு பொருளை எடுக்கிறது. பூந்தேன் தான் குடிக்க. மகரந்தம் புழுவுக்கு, அதாவது பிள்ளைக்குக் கொடுக்க. பூந்தேன் விஷயத்தில் பூசணித் தேனீ கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், எப்போதாவது வேறு பூவிலும் குடிக்கும். மகரந்தத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டாது. குக்குர்பிற்றா என்ற ஒரே பேரினத்துப் பூவில்தான் எடுக்கும். ஊர்ப் பூசணி, சுக்கினி, பட்டர்நட், ஹலோவீனுக்கு வெட்டும் பெரிய பூசணி எல்லாம் அந்தப் பேரினத்துக்குள் வரும். பாகலும் வெள்ளரியும் புடலும் பூசணியின் குடும்பத்துச் செடிகள்தான், ஆனால் வேறு பேரினங்கள், ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பிறந்தவை. இந்தத் தேனீ இனம் உருவான காலத்தில் அவை இந்தக் கண்டத்தில் இருக்கவில்லை. நாங்கள் சாம்பாருக்குப் போடும் நீற்றுப்பூசணியும் ஆசியச் செடிதான், அதையும் அது கணக்கில் எடுக்காது.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? பூசணி மகரந்தத்தைப் பார்த்தால் விளங்கும். மகரந்தமணி என்றால் கண்ணுக்குத் தெரியாத தூள் என்றுதான் நினைப்போம். பூசணியின் மணி பத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவிலும் அதற்கு மேலும் வரும், மகரந்தங்களுக்குள் அது இராட்சதன். மேலெல்லாம் முள், அதன்மேல் எண்ணெய்ப் பசை. பெட்டித் தேனீயின் நெருக்கமான மயிருக்குள் இது சரியாக அடங்காது. பூந்தேன் குடித்துவிட்டு வெளியே வரும் பெட்டித் தேனீ காலால் மகரந்தத்தைத் துடைத்து எறிவதை நீங்களே பார்க்கலாம். பூசணித் தேனீயின் பின்னங்கால் மயிர் நேரானது, ஐதாக இருக்கும். அந்தப் பெரிய மணிகள் அதற்குள் வசதியாக இருந்துவிடும்.

சுமப்பது மட்டும் அல்ல, சாப்பிடுவதும் எல்லோராலும் முடியாது. 2020இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வொன்றில், பலவகைப் பூவில் வாழும் பம்பிள் தேனீக்களுக்குப் பூசணி மகரந்தத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் குடல் காயப்பட்டது, சாவு கூடியது, குஞ்சு பொரிப்புக் குன்றியது. மற்றவர்களுக்கு ஆகாத சாப்பாட்டில்தான் இந்தத் தேனீ தன் பிள்ளையை வளர்க்கிறது. போட்டிக்கு ஆள் குறைவு என்பதால் அதற்கு இது நல்ல இடம்.

பிறகு நேரம். பூசணிப்பூ விடியும்போது விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். ஒரு பூவுக்கு ஒரே ஒரு காலைதான் ஆயுள். பூசணித் தேனீ சூரியன் உதிக்கும் நேரத்திலேயே, சிலவேளை அதற்கு முதலே வேலையைத் தொடங்கிவிடும். பெட்டித் தேனீ வெயில் ஏறி, குளிர் போன பிறகுதான் வரும். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு சின்ன ஸ்டூலைப் போட்டுப் பாத்திக்குப் பக்கத்தில் இருப்பேன். பெட்டித் தேனீ வந்து சேருவதற்குள் அநேகமான ஆண்பூக்களில் மகரந்தம் பாதிக்கு மேல் போயிருக்கும். மணமும் அதற்கு வழிகாட்டுகிறது. பூசணிப்பூ விடும் மணத்தில் பல பொருட்கள் உண்டு, அதில் டைமெதொக்சிபென்சீன் என்ற ஒன்றைத் தனியாக வைத்தாலே இந்தத் தேனீ தேடி வருவதை வயலில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவதை இங்கே தோட்டம் செய்யும் எல்லோரும் அறிய வேண்டும் என்று எனக்கு ஆசை. இந்தத் தேனீயின் சொந்த ஊர் ஒன்ராறியோ இல்லை. மெக்சிக்கோவும் அமெரிக்காவின் தென்மேற்கு வறண்ட நிலமும்தான். அங்கே எருமைப் பூசணி என்று ஒரு காட்டுக்கொடி உண்டு, காய் கடும் கசப்பு. அதில்தான் பூசணித் தேனீ வாழ்ந்தது, இன்னும் வாழ்கிறது. மெக்சிக்கோவின் வஹாக்கா மாநிலத்துக் குகை ஒன்றில் கிடைத்த பூசணி விதைகளை வைத்து, அந்த மக்கள் ஏறத்தாழ 10,000 வருடங்களுக்கு முன்பே பூசணி பயிரிட்டார்கள் என்று 1997இல் நிறுவினார்கள். பிறகு பூசணி மனிதர் கையில் வடக்கே வந்தது. சோளம், அவரை, பூசணி மூன்றையும் சேர்த்து நட்ட முதற்குடி மக்கள் அதை இந்தப் பெரிய ஏரிகளின் கரைவரை கொண்டுவந்தார்கள். பயிரின் பின்னாலேயே தேனீயும் வந்தது. தேனீ ஆய்வாளர் மார்கரிட்டா லோபஸ்-உரிபேயும் அவருடைய குழுவினரும் பல இடத்துப் பூசணித் தேனீக்களின் மரபணுவை ஒப்பிட்டு 2016இல் இந்தப் பாதையை வரைந்து காட்டினார்கள்.

பிள்ளை, நீங்கள் இருக்கும் மார்க்கத்திலும் பக்கத்துப் பிக்கறிங்கிலும் வென்டாற் என்ற முதற்குடி மக்களின் பழைய கிராமங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அவர்களின் வயலில் பூசணி இருந்தது. பெட்டித் தேனீயை ஐரோப்பியர் கப்பலில் இந்தக் கண்டத்துக்குக் கொண்டுவந்தது 17ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்னர் இங்கே பூசணியைக் காய்க்க வைத்தவை இந்தத் தேனீயும் மற்றக் காட்டுத் தேனீக்களும்தான்.

ஒன்ராறியோவில் காட்டுப் பூசணி கிடையாது. ஆகவே இங்கே இந்தத் தேனீ நாங்கள் நடும் பூசணியை மட்டும் நம்பியே உயிர்வாழ்கிறது. நீங்கள் நட்ட கொடி அதற்கு வீட்டுச் சாப்பாடு முழுவதும். இதை யோசிக்கும்போது எனக்கு நெஞ்சு நிறையும்.

ரீச்சர், பூசணிப்பூவை மாவில் தோய்த்துப் பொரிப்பதற்காகப் பின்னேரம் பறித்தேன். கழுவப் பிரித்தால் உள்ளே இரண்டு மூன்று தேனீக்கள். சின்ன மகள் பயந்து கத்திவிட்டாள். கொட்டுமா?
— வாசகி, ஸ்காபரோ

அநேகமாக அவை எல்லாம் ஆண்கள். ஆண் தேனீக்குக் கொடுக்கு இல்லை, கொட்ட முடியாது. மகளின் பயத்தைப் போக்க இதைச் சொல்லுங்கள், நம்பாவிட்டால் நீங்கள் ஒன்றைக் கையில் ஏற விட்டுக் காட்டுங்கள். முகத்தில் மஞ்சள் பொட்டு இருப்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆணுக்கு வீடு இல்லை. காலையில் பூப் பூவாகச் சுற்றிப் பெண்ணைத் தேடும். பெண் எப்படியும் பூசணிப்பூவுக்கு வரும் என்று அதற்குத் தெரியும். மதியம் பூ மூடும்போது ஒன்றுக்குள் புகுந்துவிடும். வாடி முறுக்கிக்கொண்ட பூ அதற்குப் படுக்கை. மறுநாள் விடிய இதழைக் கடித்தோ தள்ளியோ வெளியே வரும். இந்த ஆண்கள் சும்மா சுற்றுகின்றன என்று நினைக்காதீர்கள். பூவுக்குப் பூ போகும்போது அவற்றின் உடம்பில் ஒட்டிய மகரந்தமே காய் பிடிக்கப் போதும் என்று யூட்டாவைச் சேர்ந்த ஜேம்ஸ் கேன் குழுவினர் 2011இல் காட்டியிருக்கிறார்கள்.

பொரிக்கப் பூ வேண்டுமென்றால் காலை பத்து மணிக்குப் பிறகு, பூ மூடத் தொடங்கும் முன் பறியுங்கள். அதற்குள் தேனீக்கள் மகரந்தத்தை எடுத்து முடித்திருக்கும், உள்ளே ஒருவரும் படுத்திருக்கவும் மாட்டார்கள். பெண்பூவை விட்டுவிட்டு ஆண்பூவைப் பறியுங்கள். அதிலும் எல்லாவற்றையும் அள்ளாமல் பாதிக்கு மேல் கொடியில் விடுங்கள்.

பூசணிப் பாத்தியின் ஓரத்தில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டைகள், சுற்றிவரப் பொடிமண். எறும்பா, குளவியா தெரியவில்லை. மருந்து தூவச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?
— வாசகர், பிரம்ரன்

ஐயா, தயவுசெய்து ஒன்றும் தூவாதீர்கள். இரண்டு காலை பொறுத்திருந்து அந்த ஓட்டையைப் பாருங்கள். கால் நிறைய மஞ்சள் தூளோடு ஒரு தேனீ உள்ளே இறங்கினால் அது பூசணித் தேனீயின் கூடு.

இந்தத் தேனீக்குக் கூட்டமும் இல்லை, இராணியும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தன் கூட்டைத் தானே மண்ணில் தோண்டும். அநேகமாக அரையடிக்கும் ஓரடிக்கும் இடைப்பட்ட ஆழத்தில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறையிலும் பூசணி மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து வைத்து, மேலே ஒரு முட்டை இட்டு மூடிவிடும். புழு அதைச் சாப்பிட்டு வளர்ந்து, குளிர்காலம் முழுவதும் அந்த அறைக்குள்ளேயே இருக்கும். அடுத்த வருடம் பூசணி பூக்கும் யூலை, ஓகஸ்டில் தேனீயாக வெளியே வரும். வருடத்துக்கு ஒரே தலைமுறை. பூசணிக்குப் பக்கத்திலேயே தோண்டுவதை அது விரும்பும், பாத்திக்குள்ளேயே தோண்டுவதும் உண்டு. பல பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் தோண்டுவதால் எறும்புப் புற்று மாதிரித் தோன்றும். பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, ஆனால் கூட்டை மிதித்தாலும் துரத்தி வந்து கொட்டும் இனம் இல்லை. கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது.

மருந்து விஷயத்தில் நான் கண்டிப்பாகப் பேசுவேன். குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் சூசன் வில்லிஸ் சானும் நைஜல் ரெய்னும் இதே ஒன்ராறியோவில் செய்த ஆய்வை 2021இல் வெளியிட்டார்கள். பூசணி நடும்போது மண்ணில் இமிடாகுளோப்ரிட் என்ற மருந்து போட்ட பாத்திகளையும், போடாத பாத்திகளையும் வலைக்கூடாரத்துக்குள் வைத்து, பூசணித் தேனீக்களை விட்டுப் பார்த்தார்கள். மருந்து போட்ட இடத்தில் தேனீக்கள் தோண்டத் தொடங்கிய கூடுகள் 85 சதவீதம் குறைவு. குஞ்சுகள் 89 சதவீதம் குறைவு. எடுக்காமல் பூவில் விட்டுவிட்டுப் போன மகரந்தம் 5.3 மடங்கு அதிகம். பெட்டித் தேனீக்கு மருந்து பூவழியாகப் போய்ச் சேருவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். இந்தத் தேனீ மண்ணுக்குள்ளே பிள்ளை வளர்க்கிறது, மண்ணில் போட்ட மருந்து அதன் வீட்டுக்குள் போட்ட மருந்து. வீட்டுத் தோட்டங்களில் அடிக்கும் பல மருந்துகளுக்கு ஒன்ராறியோவில் 2009 முதல் தடை இருக்கிறது என்பதையும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். பூசணியில் வரியுள்ள மஞ்சள் வண்டு வந்தால் விடியக் கையால் பிடித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். கொடி சின்னதாக இருக்கும்போது மெல்லிய துணியால் மூடி வைத்து, பூக்கத் தொடங்கும் நாளில் எடுத்துவிடுங்கள்.

அறுவடை முடிந்ததும் நம் ஆட்கள் ரோட்டோவேற்றரை வாடகைக்கு எடுத்து வளவு முழுக்க உழுதுவிடுகிறார்கள். அதிலும் கவனம் வேண்டும். வேர்ஜீனியாவில் 2005இல் வெளியான ஆய்வில், உழாத பண்ணைகளில் பூசணித் தேனீ மூன்று மடங்கு நெருக்கமாக இருந்தது. ஆழக் கிடக்கும் அறை தப்பும், மேலே உள்ளது தப்பாது. ஓட்டை கண்ட இடத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்து, அந்தத் துண்டை மட்டும் உழாமல் விடுங்கள். பசளையை மேலே பரப்பினால் போதும். அடுத்த வருடம் பயிர் மாற்றி நடுகிறீர்கள் என்றால் பூசணி அதே வளவுக்குள் எங்காவது இருக்கட்டும். வெளியே வரும் தேனீக்கு எட்டும் தூரத்தில் பூ வேண்டும்.

பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. தேனீ வராததாலா?
— வாசகி, மிசிசாகா

இருக்கலாம். பிஞ்சுடன் வருவது பெண்பூ, நீண்ட மெல்லிய காம்பில் நிற்பது ஆண்பூ. முதலில் ஆண்பூக்களே வரும், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். பெண்பூ விரியும் காலை மகரந்தம் கிடைக்காவிட்டால் பிஞ்சு அழுகும். அரைகுறையாகக் கிடைத்தால் காய் ஒரு பக்கம் மட்டும் பருக்கும். உங்கள் வளவுக்குத் தேனீ இன்னும் வந்து சேரவில்லை என்றால் ஏழு, எட்டு மணிக்குள் ஓர் ஆண்பூவின் இதழை உரித்து, நடுத்தண்டைப் பெண்பூவின் மூன்று பிரிவுள்ள சூல்முடியில் நன்றாகத் தடவுங்கள்.

வடமராட்சியில் எங்கள் அம்மம்மாவின் வேலியில் பூசணி ஒருவரும் கவனிக்காமலே படர்ந்து காய்த்துத் தள்ளும். அங்கேயும் இந்தத் தேனீ இருந்ததா?
— வாசகர், ஏஜக்ஸ்

தம்பி, என் அம்மம்மா வளவிலும் அப்படித்தான், கூரையில்கூட ஏறிக் காய்க்கும். ஆனால் பூசணித் தேனீ அங்கே இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. பூசணி விதை ஐரோப்பியர் கடல்வழி வந்த பின்னர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் பக்கம் போனது. விதை கையோடு போகும், மண்ணுக்குள் வாழும் தேனீ போகவில்லை. அங்கே பூசணிப்பூவுக்கு மரப்பொந்தில் கூடு கட்டும் நம்மூர்த் தேனீ வரும், கொட்டாத சின்னத் தேனீ வரும், பெரிய கருவண்டு வரும். இவை எல்லாம் பல பூவில் வாழ்கின்றவை, பூந்தேனுக்காக உள்ளே இறங்கும்போது உடம்பில் ஒட்டும் மகரந்தத்தை அடுத்த பூவில் விட்டுப் போகும். வருடம் முழுதும் பூச்சி நிறைந்த ஊரில் அதுவே போதுமாக இருந்தது. ஆகவே பூசணிக்கு இந்தத் தேனீ இல்லாமலும் வாழத் தெரியும். தேனீக்குத்தான் பூசணி இல்லாமல் வழியில்லை.

தேன் எடுக்கலாமா? பெட்டி வைத்து வளர்க்க முடியுமா?
— வாசகர், வோன்

முடியாது. சேமித்து வைக்கத் தேன் இல்லை, பெட்டிக்குள் குடியிருக்கக் கூட்டமும் இல்லை. மண்ணையும் பூசணியையும் கொடுங்கள், அதுவே வளர்ப்பு.

நான் ஏழாம் வகுப்பில் படிக்கிறேன். பள்ளித் திட்டத்துக்குப் பூசணித் தேனீயைப் பற்றி ஏதாவது செய்ய விருப்பம். என்ன செய்யலாம்?
— மாணவன், ஸ்காபரோ

தம்பி, நல்ல விருப்பம். வீட்டில் பூசணி இருந்தால் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, வெயில் வரும் முன்பே போய் இரு. கொப்பியில் மூன்று நிரல் போடு: ஆண்பூ, பெண்பூ, பக்கத்தில் நிற்கும் வெள்ளரிப்பூ. ஒவ்வொன்றுக்கும் என்ன தேனீ எத்தனை மணிக்கு வந்தது, காலில் ஈர உருண்டையா காய்ந்த தூளா என்று எழுது. கால் மணிக்கொருமுறை எழுது, பூ மூடும்வரை இரு. மகரந்தத்துக்கு ஆண்பூ, பூந்தேன் அதிகம் பெண்பூவில். உன் நிரலில் பெண் தேனீயும் ஆண் தேனீயும் எதற்கு எப்போது போகின்றன என்று வித்தியாசம் தெரிகிறதா பார்.

இன்னொரு தேனீயையும் உனக்குச் சொல்லி வைக்கிறேன். வசந்தத்தில் மேப்பிள் காட்டின் தரையில், இலை துளிர்க்கும் முன், வெள்ளையில் இளஞ்சிவப்புக் கோடு போட்ட ஒரு சின்னப் பூ பூக்கும். ஸ்பிரிங் பியூட்டி என்பார்கள். அதன் மகரந்தம் இளஞ்சிவப்பு. அந்தப் பூவின் மகரந்தத்திலேயே பிள்ளை வளர்க்கும் மண் தேனீ ஒன்று உண்டு, அன்ட்ரினா எரிஜீனியே என்று பெயர். ஏப்ரல் கடைசியில் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போ, காலில் இளஞ்சிவப்புத் தூளோடு பறக்கும் தேனீயைத் தேடு. கண்டால் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பு, அடுத்த இதழில் போடுகிறோம்.